புள்ளி நகர்கிறது, பஸ் எப்போது வரும்?

கேள்வி: மொரிஷியஸில் காத்ர் போர்ன், ரோஸ் ஹில், போர்ட் லூயிஸ் தடத்தில் எங்கள் சிறு கூட்டுறவின் 9 பஸ்கள் ஓடுகின்றன. திருட்டுப் பயத்தில் எல்லா வண்டியிலும் ஏற்கெனவே ஜிபிஎஸ் கருவி மாட்டிவிட்டோம். அலுவலகக் கணினியில் வண்டிகள் புள்ளிகளாக நகர்வது தெரிகிறது. 'இன்னும் 6 நிமிடத்தில் பஸ்' என்று பயணிகள் தங்கள் கைபேசியில் பார்க்க வேண்டும். புதுக் கருவியும் தனிச் செயலியும் சேர்த்துத் தருவதாக ஒரு நிறுவனம் விலை சொல்லியிருக்கிறது. வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். உங்கள் கருவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: இன்ன எண்ணுள்ள வண்டி இன்ன இடத்தில் இருக்கிறது. நிறுத்தத்தில் நிற்பவருக்கு வண்டி எண் எதற்கு? அவருக்கு வேண்டியது 7.40 பஸ். கண்ணுக்குத் தெரியும் புள்ளி அந்த 7.40 தானா, 7.20-க்குப் போயிருக்க வேண்டியது இப்போதுதான் வருகிறதா, அல்லது டீசல் போடப் போகும் காலி வண்டியா என்பது கருவிக்குத் தெரியாது. வண்டியையும் ட்ரிப்பையும் முடிச்சுப் போடுவதுதான் இந்த வேலையின் பாதி. புதுக் கருவி வாங்கினால் அந்த முடிச்சு தானாக விழுந்துவிடாது.

தனிச் செயலியும் வேண்டாம் என்பேன். 9 பஸ்ஸுக்காக ஒருவர் கைபேசியில் ஒரு செயலியை ஏற்றி வைத்துக்கொள்வது அபூர்வம். மக்கள் ஏற்கெனவே திறந்து பார்க்கும் வரைபடச் செயலிகளுக்குப் புரியும் வடிவத்தில் உங்கள் தரவைக் கொடுத்துவிட்டால் போதும். அந்த வடிவத்தின் பெயர் ஜிடிஎஃப்எஸ். 2005-இல் அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து அமைப்பான ட்ரைமெட்டும் கூகுளும் சேர்ந்து தொடங்கியது. முதலில் அதன் 'ஜி' கூகுளைக் குறித்தது. பிறகு 'ஜெனரல்' என்று மாறி இன்று யாரும் இலவசமாகப் பயன்படுத்தும் பொது வடிவமாக இருக்கிறது.

முதலில் அட்டவணை

ஜிபிஎஸ்ஸைத் தொடும் முன் கால அட்டவணையை ஜிடிஎஃப்எஸ்ஸாக எழுத வேண்டும். ஒரு ஜிப் கோப்புக்குள் சில உரைக் கோப்புகள், அவ்வளவுதான். உங்களுக்கு 8 கோப்புகள் போதும்: ஏஜென்சி (உங்கள் கூட்டுறவு), ஸ்டாப்ஸ் (நிறுத்தங்கள்), ரூட்ஸ் (தடங்கள்), ட்ரிப்ஸ் (ஒவ்வொரு நடையும்), ஸ்டாப் டைம்ஸ் (நிறுத்தவாரியாக நேரம்), காலண்டர் (ஓடும் நாட்கள்), காலண்டர் டேட்ஸ் (விதிவிலக்கு நாட்கள்), ஷேப்ஸ் (வரைபடத்தில் பாதையின் கோடு). ஒரு வண்டிக்கு நாளுக்கு 10 ட்ரிப், ஒரு ட்ரிப்புக்கு 35 நிறுத்தம் என்று வைத்தால் ஸ்டாப் டைம்ஸ் கோப்பில் 3,150 வரிகள் வரும். எக்ஸெல் தெரிந்த ஒருவர் போதும். சாலைச் சேவை உரிமத்தில் உள்ள நேரங்களையே அடிப்படையாக எடுங்கள். ஓட்டுநர்கள் பழக்கத்தில் ஓட்டும் நேரம் வேறாக இருந்தால் அதை இங்கே நுழைக்காமல், உரிமத்தில் திருத்தம் கேட்பதே சரி.

நிறுத்தங்களில்தான் அதிகத் தவறு நடக்கும். வரைபடத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகப் புள்ளி வைக்காமல், ஒவ்வொரு நிறுத்தக் கம்பத்தடியிலும் நின்று ஆயத்தொலைவைக் குறித்து வாருங்கள். தசமத்துக்குப் பின் 5 இலக்கம் இருந்தால் ஏறத்தாழ 1 மீட்டர் துல்லியம் கிடைக்கும். 3 இலக்கத்தோடு நிறுத்தினால் 100 மீட்டர் தள்ளிப் போகலாம். சாலையின் இரு பக்கமும் தனித்தனி நிறுத்தம், தனித்தனி எண். நமக்கு இடப்பக்க ஓட்டம். பஸ் போகும் திசையில் இடது ஓரத்தில் புள்ளி விழவில்லையென்றால் செயலி பயணியை எதிர்ப்பக்கம் போய் நிற்கச் சொல்லும். பஸ் போன பிறகுதான் அவருக்கு விஷயம் புரியும்.

நம் தீவின் அட்சரேகை கழித்தல் குறியோடு வரும்: -20.16, தீர்க்கரேகை 57.50 என்பது போல. கழித்தல் குறி விட்டுப்போனால் நிறுத்தம் ஓமான் நாட்டுப் பாலைவனத்தில் போய் விழும். இரண்டு எண்களையும் இடம் மாற்றிப் போட்டாலோ ஐஸ்லாந்துக்குத் தெற்கே அட்லாண்டிக் கடலில்.

பிரெஞ்சு அமைப்பில் உள்ள கணினிகள் தரும் தொல்லை தனி. அவற்றில் எக்ஸெல், காற்புள்ளிக்குப் பதில் அரைப்புள்ளி போட்டு நெடுவரிசைகளைப் பிரிக்கும். தசமப் புள்ளியைக் காற்புள்ளியாக்கும். இரண்டுமே ஜிடிஎஃப்எஸ்ஸைக் கெடுத்துவிடும். ரெதுய் போன்ற ஊர்ப் பெயர்களின் பிரெஞ்சு எழுத்துக் குறிகள் சிதையாமலிருக்க, கோப்பை யுடிஎஃப்-8 முறையில் சேமியுங்கள். நேரத்தில் விநாடி கட்டாயம்: 07:05:00 என்றிருக்க வேண்டும், எக்ஸெல் அதை 07:05 என்று சுருக்கிவிட்டால் கோப்பு செல்லாது. நெடுவரிசைகளை 'உரை' வகையாக மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்தால் இந்த வம்பு இல்லை. முடித்ததும் மொபிலிட்டிடேட்டா அமைப்பின் இலவசச் சரிபார்ப்பு மென்பொருளில் ஏற்றிப் பாருங்கள். அது பிழை என்று சொல்வதையெல்லாம் திருத்தியாக வேண்டும்; எச்சரிக்கை என்று சொல்வதைப் படித்துப் பார்த்து முடிவு செய்யலாம்.

நேர மண்டலத்தை 'இந்தியன்/மொரிஷியஸ்' என்று பெயரால் குறியுங்கள், வெறும் +4 என்று எழுதாதீர்கள். ஒரு நிறுத்தத்துக்குக் கொடுத்த எண்ணைப் பிறகு மாற்றவே கூடாது. பெயர்ப்பலகை மாறினாலும் எண் அதுவே.

விடுமுறை நாட்கள் காலண்டர் டேட்ஸ் கோப்பில் போகும்: அன்றைக்கு இல்லாத சேவைக்கு 2 என்ற குறியீடு, கூடுதல் சேவைக்கு 1. மார்ச் 12, நவம்பர் 2 போன்றவை நிலையான தேதிகள். தைப்பூசக் காவடி, மகா சிவராத்திரி, தீபாவளி எல்லாம் ஆண்டுதோறும் இடம் மாறும். பிறை பார்த்து முடிவாகும் ஈத் நாளுக்கு இரண்டு விதக் கோப்பையும் தயாராக வைத்திருந்து, அறிவிப்பு வந்ததும் ஒன்றை ஏற்றுங்கள். எப்போதும் குறைந்தது அடுத்த 7 நாட்களுக்கு, முடிந்தால் 30 நாட்களுக்குச் செல்லுபடியாகும் கோப்பு வெளியில் இருக்க வேண்டும். கடைசித் தேதி தாண்டிய கோப்பு இருந்தால் உங்கள் பஸ்கள் வரைபடத்திலிருந்து ஓசையில்லாமல் மறைந்துவிடும். அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது.

ரோஸ் ஹில்லில் மெட்ரோவுக்கு மாறும் பயணிகளுக்காக மெட்ரோ நேரங்களையும் உங்கள் கோப்பில் எழுத ஆசை வரலாம். வேண்டாம். அது அவர்கள் தரவு. உங்கள் நிறுத்தத்தின் புள்ளி சரியாக இருந்தாலே போதும், நடந்து மாறும் தூரத்தைச் செயலி தானே கணக்கிடும்.

முடிச்சு

ஒரு வண்டி காலையில் டிப்போவை விட்டதிலிருந்து இரவு திரும்பும் வரை வரிசையாக ஓட்டும் ட்ரிப்புகளின் தொகுதியை 'பிளாக்' என்பார்கள். நமக்குச் 'சுற்று' என்று வைத்துக்கொள்வோம். ட்ரிப்ஸ் கோப்பில் அதற்கென்றே ஒரு நெடுவரிசை உண்டு. 9 வண்டி, 9 சுற்று. காலையில் முதல் வண்டி கிளம்பும் முன் டிப்போ பொறுப்பாளர் 9 வரிகளை நிரப்பினால் போதும்: முதல் சுற்றுக்கு இந்த வண்டி, இரண்டாம் சுற்றுக்கு அந்த வண்டி. 5 நிமிட வேலை. பகிர்ந்து பார்க்கக்கூடிய ஓர் அட்டவணையே போதுமானது.

டிக்கெட் மெஷின் வழியாகவும் செய்யலாம். ஒவ்வொரு ட்ரிப் தொடங்கும்போதும் கண்டக்டர் அதில் ட்ரிப்பைத் திறக்கிறார். அந்தத் தகவல் வண்டி எண்ணோடும் நேரத்தோடும் உடனுக்குடன் வெளியே வருமா என்று மெஷின் விற்றவரிடம் கேளுங்கள். வரும் என்றால் அதைவிட நம்பகமானது இல்லை. இரவு டிப்போவில் இறக்கும்போதுதான் வரும் என்றால் நமக்குப் பயனில்லை.

வண்டி போன பாதையை வைத்து ட்ரிப்பை ஊகிக்கும் மென்பொருளும் உண்டு. தட்ரான்சிட்கிளாக் என்ற திறமூல மென்பொருள் அதைச் செய்யும். ஆனால் போ பாசான், கொரொமான்டெல் வழியாகப் போகும் அந்தப் பழைய சாலையில் பல தடங்கள் ஒரே பாதையில் நெடுந்தூரம் ஓடுகின்றன. இரண்டு பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் ஊகம் தடுமாறும். இதை மேற்பார்வைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதையே நம்ப வேண்டாம்.

எந்த வழியானாலும் சறுக்குமிடம் ஒன்றுதான்: வண்டி மாற்றம். நடுவழியில் ஒன்று பழுதாகி நிற்கிறது, மாற்று வண்டி போகிறது, அட்டவணையை யாரும் திருத்தவில்லை. செயலியில் பழுதான பஸ் மணிக்கணக்கில் 'வந்துகொண்டே' இருக்கும். உண்மையில் ஓடும் பஸ் தெரியவே தெரியாது. அதனால் முடிச்சைத் தானாக அவிழ்க்கும் விதியையும் எழுதி வையுங்கள். தடத்தை விட்டு 200 மீட்டருக்கு மேல் விலகி 5 நிமிடம் ஆனாலோ, புறப்பட வேண்டிய நேரம் கடந்து 10 நிமிடமாகியும் நகராவிட்டாலோ, நேரடித் தகவலை நிறுத்திப் பொறுப்பாளரின் கைபேசிக்கு ஒரு செய்தி போக வேண்டும். தவறான நிமிடத்தைக் காட்டுவதைவிட ஒன்றும் காட்டாமலிருப்பது மேல்.

இருக்கிற கருவி போதுமா?

பெரும்பாலும் போதும், அமைப்பை மாற்ற வேண்டியிருக்கும். திருட்டைத் தடுக்க வைத்த கருவிகள் சாதாரணமாக 1 நிமிடத்துக்கோ அதற்கும் மேலோ ஒருமுறைதான் தகவல் அனுப்பும். மணிக்கு 36 கிலோமீட்டரில் ஓடும் பஸ் 1 நிமிடத்தில் 600 மீட்டர் போய்விடும், அதாவது இரண்டு நிறுத்தம். 15 விநாடிக்கு ஒன்று என்று மாற்றினால் 150 மீட்டர். டேட்டா செலவுக்குப் பயப்பட வேண்டாம். ஒரு செய்தி 200 பைட், நாளுக்கு 16 மணி நேரம் என்றால் 3,840 செய்தி, ஏறக்குறைய 0.8 மெகாபைட். இணைப்பின் மேல்சுமையை இரட்டிப்பாகச் சேர்த்தாலும் மாதம் 50 மெகாபைட்தான்.

அடுத்து தூக்க நிலை. வண்டி நின்றால் பேட்டரியைக் காக்கக் கருவி உறங்கிவிடும். ஓய்வு நேரத்தில் விக்டோரியா நிலையத்தில் நிற்கும் பஸ் அப்படியே காணாமல் போகும். அங்கேதான் ஆட்கள் அதிகம் காத்திருப்பார்கள். இன்ஜின் அணைந்த பின் குறைந்தது 30 நிமிடம் விழித்திருக்கும்படி வையுங்கள். பஸ்ஸின் மின்சாரம் பொதுவாக 24 வோல்ட். கருவி 9 முதல் 36 வோல்ட் வரை தாங்குவதா என்று அதன் விவரத் தாளில் பாருங்கள். 12 வோல்ட்டுக்கு மட்டுமான கார் கருவியை நேரே இணைத்தால் எரிந்துவிடும். கருவியை இரும்புத் தகட்டுக்கு அடியில் மறைத்திருந்தால் டேஷ்போர்டின் பிளாஸ்டிக்குக் கீழே மாற்றுங்கள்.

நேரமும் முக்கியம். கருவி உலகப் பொது நேரத்தை அனுப்புகிறதா, உள்ளூர் நேரத்தையா என்பதைச் சோதியுங்கள். எல்லா பஸ்ஸும் சரியாக 4 மணி நேரம் பிந்தியோ முந்தியோ தெரிந்தால் காரணம் இதுதான். மலிவாகக் கிடைக்கும் பழைய கருவிகளில் வேறொரு வினோதம் உண்டு. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1,024 வாரத்துக்கு ஒருமுறை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. மென்பொருள் புதுப்பிக்கப்படாத கருவி தேதியைக் கிட்டத்தட்ட 20 ஆண்டுகள் பின்னுக்குத் தள்ளும். இடம் சரியாக இருக்கும், தேதி மட்டும் பழங்கதை பேசும்.

நேரடித் தகவல்

கருவிகளின் செய்திகளை வாங்கிச் சேர்க்க ட்ராக்கார் என்ற திறமூல சர்வர் மென்பொருள் இருக்கிறது. நூற்றுக்கணக்கான கருவி வகைகளைப் புரிந்துகொள்ளும். அதிலிருந்து வரும் இடத்தையும் உங்கள் சுற்று அட்டவணையையும் சேர்த்து, ஜிடிஎஃப்எஸ்-ரியல்டைம் ஓடையாக (தொடர்ந்து புதுப்பிக்கப்படும் நேரடித் தரவாக) மாற்றும் சிறு நிரலை ஒரு நிரலாளர் எழுதித் தர வேண்டும். இதற்குத்தான் காசு செலவழியுங்கள். ஓடையில் முக்கியமாக மூன்று வகைத் தகவல் போகும்: வண்டி இருக்கும் இடம், ட்ரிப்பின் தாமதம், பொது அறிவிப்பு. ஓடை 30 விநாடிக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும். முதல் இரண்டும் 90 விநாடிக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

எளிய கணிப்போடு தொடங்குங்கள். ரோஸ் ஹில்லில் 4 நிமிடத் தாமதம் என்று நீங்கள் சொன்னால், வேறு தகவல் வராதவரை அடுத்து வரும் நிறுத்தங்களுக்கும் அதே தாமதத்தைச் செயலி எடுத்துக்கொள்ளும். ஆனால் அது அந்த ட்ரிப்போடு முடிந்துவிடும். அதே வண்டியின் அடுத்த ட்ரிப்பை நீங்கள்தான் கணக்கிட வேண்டும். பஸ் 12 நிமிடம் தாமதமாக வருகிறது; அட்டவணையில் ஓய்வு 8 நிமிடம்; வண்டி திரும்பக் குறைந்தது 3 நிமிடம் வேண்டும். மிச்சமுள்ள 5 நிமிடத்தில் தாமதம் கொஞ்சம் கரையும். அடுத்த ட்ரிப் 7 நிமிடம் தாமதமாகக் கிளம்பும்.

6 வாரத் தரவு சேர்ந்த பின், ஒவ்வொரு இரு நிறுத்தங்களுக்கும் இடையே ஆகும் நேரத்தை அரை மணி அரை மணியாகப் பிரித்து நடு மதிப்பை எடுங்கள். சராசரி வேண்டாம், ஒரு நாள் விபத்தால் சாலை அடைபட்டாலும் சராசரி பல நாளுக்குக் கெட்டுவிடும். தவறுவதென்றால் பஸ் வருவதை முந்திய நேரமாகச் சொல்லித் தவறுங்கள். 6 நிமிடம் என்று காட்டி 8 நிமிடத்தில் வந்தால் பயணி முணுமுணுப்பார். 8 என்று காட்டி 6-இல் போய்விட்டால் பஸ்ஸைத் தவறவிடுவார். அதிலும் அன்றைய கடைசி பஸ்ஸாக இருந்தால் அவருக்கு வேறு வழியே இல்லை. கடைசி ட்ரிப்பை மட்டும் தினமும் ஒருவர் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பது நல்லது.

ரத்தான ட்ரிப்பை ரத்து என்று அனுப்பாமல் சும்மா விடாதீர்கள். நேரடித் தகவல் இல்லாத ட்ரிப்பைச் செயலி அட்டவணைப்படியே காட்டும். இல்லாத பஸ்ஸுக்கு மக்கள் காத்திருப்பார்கள்.

காவடி நாளில் காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைக் கோயிலைச் சுற்றி வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். முதல் நாளே மாற்றுப்பாதை அறிவிப்பைத் தொடக்க நேரம், முடிவு நேரம் போட்டு ஏற்றுங்கள். முடிவு நேரம் போட மறந்தால் காவடி முடிந்து ஒரு மாதமானாலும் எச்சரிக்கை நிற்கும், பிறகு யாரும் எந்த அறிவிப்பையும் படிக்க மாட்டார்கள். அறிவிப்பைப் பல மொழிகளில் தரலாம். கிரியோல், பிரெஞ்சு, ஆங்கிலத்தோடு தமிழிலும் 'டிஏ' என்ற மொழிக் குறியீட்டுடன் எழுதுங்கள், கூடுதல் செலவில்லை.

வெளியே போகும் ஓடையில் ஓட்டுநர் பெயரோ பணி எண்ணோ இருக்கக் கூடாது. அது 2017-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தனிநபர் தகவல். சுற்று அட்டவணையில் ஓட்டுநரை எழுதுவதாக இருந்தால் அதைத் தனிக் கோப்பாக வைத்திருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் அந்த நிறுவனத்திடம் வாங்க நினைத்தால், எழுத்தில் மூன்று பதில் கேளுங்கள். ஜிடிஎஃப்எஸ்-ரியல்டைம் ஓடையின் முகவரி எங்கள் கையில் கிடைக்குமா? வண்டி மாறினால் ட்ரிப்பை யார், எப்படி, எத்தனை நிமிடத்தில் மாற்றுவது? ஒப்பந்தம் முடிந்தால் பழைய இடத் தரவு முழுவதையும் எந்த வடிவத்தில் திருப்பித் தருவீர்கள்? இரண்டாவது கேள்விக்கு 'எல்லாம் தானாகவே நடக்கும்' என்று பதில் வந்தால், ஒரு வண்டியை வேண்டுமென்றே மாற்றி ஓட்டி, செயலியில் என்ன தெரிகிறது என்று கையெழுத்துக்கு முன் செய்து காட்டச் சொல்லுங்கள்.