வாட்ஸ்அப்பில் பேசினால் செலவு ஏன் குறைவு? கேள்வி பதில்

கேள்வி: சார், மகள் டொராண்டோவில் இருக்கிறாள். நேரடியாக டயல் செய்தால் நிமிடக் கணக்கில் பணம் போகிறது, வாட்ஸ்அப்பில் ஒன்றும் இல்லை. இரண்டும் கடலடிக் கேபிள் வழியாகத்தானே போகின்றன?

பதில்: ஆமாம். வித்தியாசம் கேபிளில் இல்லை, பணம் கைமாறும் முறையில் இருக்கிறது. ஐஎஸ்டி அழைப்பை வாங்கி, அந்தப் பக்கம் மணியடிக்க வைக்கும் கம்பெனிக்கு நிமிடத்துக்கு இவ்வளவு என்று இங்குள்ள கம்பெனி கொடுக்க வேண்டும். நடுவில் சுமந்து போகிறவருக்கும் பங்கு உண்டு. எல்லாம் உங்கள் பில்லில்தான் ஏறும். உள்நாட்டிலும் இது இருந்தது: வேறு நெட்வொர்க் மொபைலுக்குப் பேசினால் நிமிடத்துக்கு 14 பைசா. 2017 அக்டோபரில் தொலைபேசிக் கம்பெனிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிராய் அதை 6 பைசாவாக்கியது. 2021 ஜனவரி 1 முதல் அதுவும் இல்லை.

இன்டர்நெட்டில் அப்படி நிமிடக் கணக்கே கிடையாது. உங்கள் டேட்டாவுக்கு நீங்கள் கட்டுகிறீர்கள், மகள் தன்னுடையதற்குக் கட்டுகிறாள். அதனால் இதை இலவசம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

கேள்வி: அப்போ டெக்னாலஜியால் மிச்சம் எதுவும் இல்லையா அண்ணா?

பதில்: இருக்கிறது. பழைய முறையில் பேசி முடிக்கும்வரை ஒரு பாதை உங்களுக்கென்றே ஒதுக்கப்படும். குரலை நொடிக்கு 8000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட்டில், அதாவது எட்டு 0 அல்லது 1 இலக்கங்களில், பதிவார்கள். ஆக, ஒரு திசைக்கு நொடிக்கு 64,000 பிட். நீங்கள் பேசாமல் யோசித்துக்கொண்டிருந்தாலும் அந்தப் பாதை அடுத்தவருக்குக் கிடைக்காது.

இன்டர்நெட்டில் குரலைப் பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொன்றுக்கும் முகவரி ஒட்டி, மற்றவர்களின் டேட்டாவோடு சேர்த்தே அனுப்புகிறார்கள். குரலைச் சுருக்கி அனுப்பும் ஓபஸ் என்ற கோடெக்கில் ஒரு திசைக்கு நொடிக்கு 24,000 பிட் இருந்தாலே குரல் தெளிவாகக் கேட்கும். முகவரிகளுக்கு மட்டும் நொடிக்கு இன்னொரு 16,000 பிட் போய்விடும், அது கொஞ்சம் அதிகம்தான். அப்படியும் போக வர நிமிடத்துக்குச் சுமார் 0.6 எம்பி. ஒரு மணி நேரம் பேசினால் 36 எம்பி.

கேள்வி: சில ஆப்களில் லேண்ட்லைனுக்குப் பேசினால் காசு கேட்கிறார்களே?

பதில்: கடைசியில் அழைப்பு டெலிபோன் நெட்வொர்க்கில் இறங்குகிறது. இறங்கும் இடத்தில் பழைய நிமிடக் கட்டணம் வந்துவிடும்.

கேள்வி: அப்படியானால் வீட்டு லேண்ட்லைனை எடுத்துவிடலாமா?

பதில்: அது செம்புக் கம்பி இணைப்பு என்றால், வீட்டில் வயதானவர்கள் இருந்தால், எடுக்காதீர்கள். அதற்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் வருகிறது, வீட்டில் கரண்ட் போனாலும் பேசலாம். ஃபைபர் இணைப்பு அப்படியல்ல, மோடம் அணைந்தால் போனும் போச்சு. அவசரத்துக்கு 112-ஐ அழைக்க வாட்ஸ்அப்பை நம்பவே நம்பாதீர்கள். சாதாரண போனில்தான் அழைக்க வேண்டும்.