இரவானால் கூடும் சொறிச்சல்

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்ட லயத்தில் இருக்கிறோம். நாலு வயது மகனுக்கு ஒரு மாதமாக விரலிடுக்கிலும் இடுப்பைச் சுற்றியும் சின்னப் பருக்கள். இரவெல்லாம் சொறிகிறான். பார்மசியில் வாங்கிய ஸ்டீராய்டு கிரீம் பூசினால் குறைந்து, திரும்ப வருகிறது. குளிர் வறட்சியா?

பதில்: வறட்சி மாதிரி இல்லை, அம்மா. வறட்சியோடு வரும் எக்சிமா என்ற தோல் அழற்சி இந்த வயதில் பெரும்பாலும் முழங்கை, முழங்கால் மடிப்புகளில் சொரசொரப்பாக இருக்கும். படர்தாமரை என்றால் ஓரம் தடித்த வட்டம். விரலிடுக்கு, இடுப்பு, இரவில் கூடும் அரிப்பு மூன்றும் சேர்ந்தால் முதலில் சிரங்கைத்தான் சந்தேகிப்பேன். வீட்டில் வேறு யாரும் சொறிகிறார்களா?

தோலைக் குடைந்து முட்டையிடும் மிகச் சிறிய உண்ணியால் வருவது சிரங்கு. அழுக்கால் வருவதாக நினைத்து வெட்கப்பட வேண்டாம். குளிருக்கு எல்லோரும் ஒரே கம்பளிக்குள் ஒட்டிப் படுத்தாலே பரவும். ஸ்டீராய்டு கிரீம் அரிப்பை அடக்கும், உண்ணியைக் கொல்லாது. அதை நிறுத்திவிட்டு டிஸ்பென்சரியில் காட்டுங்கள்.

சிரங்குதான் என்றால் வழக்கமாக 5 சதவீத பெர்மெத்ரின் கிரீம் தருவார்கள். இரவில் கழுத்திலிருந்து பாதம் வரை, விரலிடுக்கு, நக ஓரம் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் கழுவ வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தலையிலும் முகத்திலும் பூச வேண்டிவரலாம். கண்ணிலும் வாயிலும் படக்கூடாது. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: அரிப்பு இல்லாதவர்கள் உட்பட வீட்டில் எல்லோரும் அதே இரவில் பூச வேண்டும். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகலாம். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் டொக்டரைக் கேட்டுத்தான்.

துணியையும் கம்பளியையும் சுடுநீரில் துவைத்து வெயிலில் போடலாம். மழைக்காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? பொலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வையுங்கள், போதும். வேப்பிலை அரைத்துப் பூசுவதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மருந்துக்குப் பிறகும் இரண்டு, மூன்று வாரம் அரிக்கலாம். பயந்துபோய்த் திரும்பத் திரும்பப் பூசாதீர்கள்.

சொறிந்த இடம் சீழ் பிடித்தால் தாமதிக்காமல் காட்டுங்கள். முகம் வீங்கினாலோ சிறுநீர் பிளேன்டீ (பால் விடாத தேநீர்) நிறத்தில் போனாலோ சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோடு, கண்ணாடி கிளாஸால் அழுத்தினாலும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்தால் அது சிரங்கு இல்லை. விடியும்வரை காத்திருக்காமல் உடனே புறப்படுங்கள்.