கடைத்தெருவில் சைக்கிள் பாதை வந்தால் கடைக்காரருக்கு லாபமா?

கேள்வி இது: "எங்கள் கடைத்தெருவில் கார் நிறுத்தும் வரிசையை எடுத்துவிட்டு சைக்கிள் பாதை போடப் பேச்சு நடக்கிறது. வணிகர் சங்கம் இதை ஆதரிக்க வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். உண்மையிலேயே கடைகளுக்கு இதில் ஆதாயம் உண்டா, அல்லது சைக்கிள் ஓட்டுபவர்களுக்கு மட்டும்தானா?"

பெரும்பாலான கடைகளுக்கு ஆதாயம் உண்டு. நான் கடை நடத்துபவன் இல்லை. பல வருஷமாக சைக்கிளில் போய்ப் பொருள் வாங்குகிறவன். இதே வாதம் பல இடங்களில் நடப்பதைப் பார்த்துவிட்டு, ஆய்வுகளைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எனக்குத் தெளிவானது ஒன்றுதான்: தன் கடைக்கு வருகிறவர்கள் எதில் வருகிறார்கள் என்பதைக் கடைக்காரர்கள் பெரும்பாலும் தவறாகக் கணக்கிடுகிறார்கள். பயம் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

பெர்லினில் கோட்புஸர் டாம், ஹெர்மன் ஸ்ட்ராஸே என்ற இரண்டு கடைத்தெருக்களை வைத்துச் செய்த ஆய்வு 2021இல் வெளியானது. "உங்கள் வாடிக்கையாளர்களில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்?" என்று கடைக்காரர்களிடம் கேட்டார்கள். சராசரியாக நூற்றுக்கு 22 பேர் என்றார்கள். அதே தெருவில் பொருள் வாங்க வந்தவர்களைக் கேட்டபோது 7 பேர்கூட இல்லை. மற்றவர்கள் நடந்தோ, சைக்கிளிலோ, பேருந்து, ரயிலிலோ வந்தவர்கள். கடைகளில் செலவான பணத்திலும் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் இவர்களுடையதுதான். இன்னொன்று எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது. வாங்க வந்தவர்களில் பாதிப் பேர் ஒரு கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்கள். கடைக்காரர்களோ அப்படிப்பட்டவர்கள் மிகக் குறைவு என்று நினைத்திருந்தார்கள்.

ஏன் இப்படி? தானே காரில் வரும் கடைக்காரர் மற்றவர்களும் அப்படித்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார். அந்த ஆய்விலேயே இது தெரிந்தது. அதோடு, நிறுத்த இடம் கிடைக்காதவர் உள்ளே வந்து சத்தமாகக் குறை சொல்வார். நடந்து வந்தவருக்குக் குறை சொல்ல எதுவும் இருக்காது, வாங்கிக்கொண்டு போய்விடுவார். குறை சொன்னவர் முகம் மட்டும் மனதில் நிற்கும். இது ஒரு ஊரில் மட்டும் நடந்ததில்லை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரிலும் இங்கிலாந்தின் பிரிஸ்டலிலும் கேட்டபோதும் கடைக்காரர்கள் கார் வாடிக்கையாளர்களைக் கூட்டித்தான் சொன்னார்கள்.

சரி, காரில் வருபவர் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும் அதிகம் வாங்குவாரே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் போர்ட்லண்டில் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைத்தான் பார்த்தார்கள். ஒரு தடவை வரும்போது காரில் வருபவர் அதிகம் செலவழிக்கிறார். சைக்கிளில் வருபவர் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறார், ஆனால் அடிக்கடி வருகிறார். மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் உணவகங்கள், மதுக்கூடங்கள், சின்னக் கடைகள் எல்லாவற்றிலும் சைக்கிள்காரர் செலவழிப்பது கார்காரருக்கு ஈடாகவோ அதிகமாகவோ இருக்கிறது. சூப்பர்மார்க்கெட்டில் மட்டும் கார்காரர்தான் முன்னால் நிற்கிறார். மாதச் சாமானை மொத்தமாக அள்ளிக்கொண்டு போக கார் வசதி, அதை மறுக்க முடியாது.

எனக்கே இது அனுபவம். சைக்கிளில் போகும்போது கண்ணில் பட்ட கடை முன்னால் அப்படியே இறங்கிவிடலாம். நிறுத்த இடம் தேட வேண்டாம், சுற்றி வர வேண்டாம். வாங்க நினைக்காத ஒன்றையும் வாங்கிக்கொண்டு வருவேன். காரில் போகிறவர் அந்தக் கடையைக் கவனிப்பதற்குள் கடந்து போயிருப்பார்.

அப்புறம் இடக் கணக்கு. ஒரு கார் நிற்கும் இடத்தில் குறைந்தது ஆறு சைக்கிள் நிற்கும், நெருக்கி வைத்தால் பத்து. மெல்போர்னில் லைகன் தெருவில் 2008இல் ஒரு ஆய்வு இதைப் பணமாகவே கணக்கிட்டது. காரில் வந்தவர் மணிக்கு 27 டாலர் செலவழித்தார், சைக்கிளில் வந்தவர் 16 டாலர் சொச்சம். ஆனால் ஒரு கார் இடத்தில் ஆறு சைக்கிள் நிற்பதால், அதே இடத்துக்கு மணிக்கு 97 டாலர் வருகிறது. 3.6 மடங்கு. அந்த இடம் நிரம்பியிருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும், சைக்கிள் நிறுத்தும் ஸ்டாண்டை மட்டும் அமைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் பணம் வராது. அதனால்தான் பாதுகாப்பான பாதை முக்கியம் என்கிறேன். ஸ்டாண்டு வரைக்கும் பயமில்லாமல் வர வழி இருக்க வேண்டும்.

நிஜமாகவே பாதை போட்ட பிறகு என்ன ஆனது என்று பார்க்க டொரொன்டோவின் புளோர் தெரு நல்ல உதாரணம். 2016இல் சோதனையாகப் பாதை போட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட கார் நிறுத்துமிடங்கள் போயின. எதிர்ப்பு கடுமையாக இருந்தது. ஆனால் அங்கிருந்த வணிகர் அமைப்புகளே ஆய்வில் சேர்ந்து, முன்னும் பின்னும் கணக்கெடுக்க ஒத்துழைத்தன. வாடிக்கையாளர்கள் வருவதும் அவர்கள் மாதம் செலவழிப்பதும் கூடியிருந்தது. காலிக் கடைகள் பெருகவில்லை. 2017இல் நகர மன்றம் பாதையை நிரந்தரமாக்கியது. புதுப் பாதையால் மட்டுமே இது நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் வியாபாரம் செத்துவிடும் என்ற பயம் பலிக்கவில்லை.

எல்லாக் கடைக்கும் ஒரே பதில் கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மரச்சாமான், கட்டுமானப் பொருள், மொத்த வியாபாரம் செய்பவர்களுக்கு வண்டி வாசலுக்கு வந்தாக வேண்டும். லோடு இறக்க நேரமும் இடமும் திட்டத்திலேயே ஒதுக்காவிட்டால், லாரி சைக்கிள் பாதையில்தான் நிற்கும், இரண்டு பேருக்கும் கெடுதல். வேலை நடக்கும் மாதங்களில் சாலையைத் தோண்டிப் போட்டால் எல்லாக் கடையும் அடிவாங்கும். இந்தக் கவலைகள் நியாயமானவை, சங்கம் இவற்றுக்காகச் சண்டை போட வேண்டும். நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வாசலருகே நிறுத்துமிடம் விடச் சொல்லியும் கேட்க வேண்டும். வெறுமனே "வேண்டாம்" என்று சொல்லும் சங்கத்துக்கு இவற்றைக் கேட்கும் வாய்ப்பே கிடைக்காது. ஆதரவாக உட்கார்ந்து பேசும் சங்கத்தின் நிபந்தனைகள்தான் வரைபடத்தில் ஏறும். ஆதரிப்பதில் இருக்கும் பெரிய ஆதாயம் இதுதான் என்று நான் நினைக்கிறேன்.

வேலையாட்கள் விஷயம் சுருக்கமாக: சைக்கிளில் வரும் ஊழியர் வாடிக்கையாளருக்கான நிறுத்துமிடத்தை நாள் முழுக்க அடைத்துக்கொண்டிருக்க மாட்டார். பல கடைத்தெருக்களில் வாசலில் காலையிலிருந்து நிற்கும் கார் முதலாளியுடையதோ ஊழியருடையதோதான்.

கூட்டத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். ஒரு வாரம், விடுமுறை நாளும் உட்பட, பில் போடும்போது "எதில் வந்தீர்கள், மாதத்துக்கு எத்தனை தடவை வருவீர்கள்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். பத்துக் கடைகள் சேர்ந்து செய்தால் இன்னும் நல்லது. கேட்பதற்கு முன்பே ஒவ்வொரு கடைக்காரரும் தன் ஊகத்தை ஒரு சீட்டில் எழுதித் தரட்டும். கூட்டத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசலாம். உங்கள் தெருவில் நிஜமாகவே பெரும்பாலோர் காரில் வருகிறார்கள் என்று வந்தால், என் பதில் உங்களுக்குப் பொருந்தாது, தைரியமாக எதிர்த்து வாக்களியுங்கள். பாதைக்கு ஆதரவு என்று முடிவானால், சைக்கிளின் பிரேமையே பூட்டும்படியான ஸ்டாண்டு கேளுங்கள். முன்சக்கரத்தை மட்டும் செருகும் வகை சக்கரத்தை வளைத்துவிடும், திருடுவதும் சுலபம். அதையும் கடைக்குள்ளிருந்து பார்த்தால் தெரியும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.