வன்னிப் பாடசாலைகளுக்குப் பெரிய ஆட்களை அழைத்துப் பேச வைப்பதால் பிள்ளைகளுக்குப் பயன் உண்டா?

உண்டு. ஆனால் அவர்களை மேடையோடு அனுப்பிவிடாமல் வகுப்பறைக்குள்ளும் கூட்டிப்போக வேண்டும்.

நான் கிளிநொச்சிப் பக்கம் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்தவள். போருக்குப் பிறகு மீள்குடியேறிச் சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. பரிசளிப்பு விழா என்றால் பேண்ட் வாத்தியம், மாலை, பொன்னாடை, அப்புறம் நீளமான ஒரு பேச்சு. ஒருமுறை பிரதம விருந்தினருக்காக இரண்டு மணித்தியாலம் வெயிலில் நின்றோம். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. அது இன்றைக்கும் எனக்கு மனவருத்தம்தான்.

இன்னொரு வருடம் எங்கள் பழைய மாணவர் ஒருவர் வந்தார், நீர்ப்பாசனப் பொறியியலாளர். விழா முடிந்ததும் நேரே எங்கள் வகுப்புக்கு வந்து, சோக்கை எடுத்து இரணைமடுக் குளக்கட்டின் குறுக்குவெட்டை வரைந்தார். "கட்டு ஏன் மேலே ஒடுக்கமாயும் கீழே அகலமாயும் இருக்கு?" ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆழம் கூடக்கூட நீரின் அமுக்கம் கூடும் என்று பௌதிகவியலில் பாடமாக்கி வைத்திருந்தோம். அந்த அமுக்கத்தைத் தாங்கவும் மண் சரியாமல் நிற்கவும்தான் அந்த அகலம் என்று அவர் சொன்னபோது, நாங்கள் சைக்கிளில் போய்வந்த கட்டு எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது.

பிறகு பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிக்கு வந்தார். பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீட்டுக்கு, மிச்சம் 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. அந்தப் பட்டியலில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் உண்டு. அதுவரை இதை எங்களுக்கு யாரும் இப்படிப் பிரித்துச் சொன்னதில்லை. "நான் முதல் தரம் எடுபடேல்லை, தங்கச்சி. இரண்டாம் தரம்தான் எடுபட்டனான்" என்றும் சொன்னார். முதல் தரம் எனக்குப் புள்ளி போதாமல் போனபோது, திரும்பவும் எழுத வீட்டில் சம்மதம் கேட்க அந்த ஒரு வசனம்தான் கைகொடுத்தது.

ஆகவே அதிபர், ஆசிரியர்மாரிடம் என் வேண்டுகோள் இதுதான்: பேச்சைப் பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டு, விருந்தினரை ஒரு பாடவேளை பிள்ளைகளோடு இருக்க விடுங்கள். இப்போது என்னையும் சில பாடசாலைகளுக்குக் கூப்பிடுகிறார்கள். போன தடவை ஒரு பிள்ளை கடைசி வாங்கிலிருந்து எழும்பி, "அக்கா, மகாபொல புலமைப்பரிசில் காசு விடுதிச் செலவுக்குக் காணுமா?" என்று கேட்டாள். கரும்பலகையில் வரவு செலவு எழுதி, இருவருமாய்க் கணக்குப் பார்த்தோம்.