செவன் சிஸ்டர்ஸ்: முழங்கால் வலியோடு நடக்கலாமா?

நவம்பரில், முழங்கால் வலி உள்ள அப்பாவோடு, தெற்கு இங்கிலாந்துக் கடலோரத்தில் செவன் சிஸ்டர்ஸ் எனும் சுண்ணப்பாறை முகடுகள் வழியே சீஃபோர்டிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை ஒரே நாளில் நடக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். சுமார் 22 கி.மீ. தூரத்தைக்கூடச் சமாளிக்கலாம், அந்த இறக்கங்கள்தான் முழங்காலைப் பதம் பார்க்கும். ஒவ்வொரு மேடாக ஏறி உடனே இறங்க வேண்டும். மழை பெய்துவிட்டால் சுண்ணப்பாறை சோப்பு மாதிரி வழுக்கும். நாலு மணி வாக்கில் சூரியன் மறைந்துவிடும் வேறு.

வரைபடத்தில், வழியில் வரும் கக்மியர் ஆற்றின் முகத்துவாரத்தைக் குறுக்கே கடந்துவிடலாம் போலத் தெரியும். அங்கே பாலம் கிடையாது. எக்ஸீட் பாலம் வரை உள்ளே போய்ச் சுற்றித்தான் வர வேண்டும்.

பேசாமல் பிரைட்டன்–ஈஸ்ட்போர்ன் 12ஆம் எண் பேருந்தில் எக்ஸீட்டில் இறங்குங்கள். பள்ளத்தாக்கு வழியே கடற்கரை வரை சமதளப் பாதை, ஒரு வழிக்கு இரண்டு கி.மீ. சொச்சம். ஆறு வளைந்து வளைந்து போவதை அப்பா நிதானமாகப் பார்க்கலாம். உங்களுக்கு ஆசை அடங்காவிட்டால் முதல் மேடான ஹேவன் ப்ரோவுக்கு (77 மீட்டர்) மட்டும் ஏறிவிட்டு வாருங்கள். பாறை விளிம்புப் பக்கம் போகாதீர்கள், படத்துக்காகக்கூட. அடியில் அரித்திருப்பது மேலே நிற்பவருக்குத் தெரியாது.