இழுவை எங்கே போயிற்று? கார் எஞ்சின் – வாசகர் கேள்வியும் பதிலும்

காரைக்குடி வாசகர்: 2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். 1,30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்பு மாதிரி பிக்கப் இல்லை. திருச்சி ரோட்டில் லாரியை முந்த மூன்றாவது கியருக்கு இறங்க வேண்டியிருக்கிறது. ரீமேப் (எஞ்சினை இயக்கும் கணினியின் மென்பொருளை மாற்றுவது) செய்தால் 75 குதிரைத்திறன் 95 ஆகிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?

செய்யலாம், ஆனால் இப்போது வேண்டாம். ‘முன்பு மாதிரி இல்லை’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்த 1.3 லிட்டர் எஞ்சின் புதிதில் 75 குதிரைத்திறனும், 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையும் கொடுத்த எஞ்சின். அதில் இன்று எவ்வளவு மிச்சம் என்று தெரியாமல் மேலே ஏற்றுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை. முதலில் ஓட்டையைத் தேடுவோம்.

டர்போவிலிருந்து (எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுவது) இன்டர்கூலருக்கும் (அந்தக் காற்றை ஆற்றுவது), அங்கிருந்து எஞ்சினுக்கும் போகிற ரப்பர் ஹோஸ்களில் தொடங்குங்கள். கிளாம்ப் இருக்கும் இடத்துக்கு ஒட்டினாற்போல் கருப்பாக எண்ணெய்க் கசிவும் அதன்மேல் தூசியும் அப்பியிருந்தால் சந்தேகப்படலாம். ஹோஸை வளைத்துப் பார்த்தால்தான் வெடிப்பு வாய் திறக்கும். வண்டி நிற்கும்போது வெளியே ஒன்றும் தெரியாது. ஏர் ஃபில்டர் பக்கக் குழாயை அடைத்து, கம்ப்ரசர் காற்றை ரெகுலேட்டர் வழியாக ஒரு பார் அழுத்தத்துக்கு மிகாமல் செலுத்தி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடம் நுரைத்துக் காட்டிக்கொடுக்கும். ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ‘உஸ்’ சத்தம், கருப்புப் புகை, 2,000 ஆர்பிஎம்முக்கு மேலும் சோம்பல் – மூன்றும் சேர்ந்திருந்தால் பெரும்பாலும் இதுதான். பல வண்டிகளில் ஒரு ஹோஸும் இரண்டு கிளாம்ப்பும் மாற்றியதோடு பழைய இழுவை திரும்பிவிடுகிறது.

ஹோஸ் நன்றாக இருந்தால் அடுத்தது டர்போ. குழாயைக் கழற்றி, எஞ்சின் ஆறிய பிறகு, ஷாஃப்ட்டை விரலால் அசைத்துப் பாருங்கள். பக்கவாட்டில் மயிரிழை ஆட்டம் இருக்கலாம். முன்னும் பின்னும் கைக்குத் தெரிகிற ஆட்டம் இருக்கக் கூடாது. இறக்கை நுனி உறையில் உரசிய கோடு தெரிந்தால் டர்போவுக்குச் செலவு வந்துவிட்டது என்று அர்த்தம். இஜிஆர் வால்வையும் (புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பி அனுப்புவது) இன்டேக் மேனிஃபோல்டையும் (காற்று சிலிண்டர்களுக்குப் பிரியும் குழாய்) கழற்றிப் பாருங்கள். ஊருக்குள்ளேயே ஓடுகிற டீசல் வண்டியில் கரி ஒட்டி, காற்று போகும் வழி பாதியாகச் சுருங்கியிருக்கும். சுத்தம் செய்தால் போதும். இஜிஆரை அடைத்துவிடச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள். அது சட்டத்துக்கும் விரோதம், புகைக்கும் கேடு.

டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டருக்கு, மிஞ்சித் திரும்பும் டீசலை அளக்கிற ரிட்டர்ன் சோதனை உண்டு. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் ஒரே அளவுள்ள நான்கு பாட்டில்களில் விட்டு, ஐடிலில் சில நிமிடம் ஓட விடுங்கள். ஒரு பாட்டில் மட்டும் மற்றதைவிட வேகமாக நிரம்பினால் அந்த இன்ஜெக்டர் தேய்ந்திருக்கிறது. சிலிண்டருக்குள் வரும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையில் சிலிண்டர்களுக்கிடையே மூன்று பாருக்கு மேல் வித்தியாசம் வந்தால் ரீமேப் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின்தான். ஆயில் மாற்றுவதைத் தள்ளிப்போட்ட வண்டிகளில் செயின் தளர்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம் கொடுக்கும். அப்படியிருந்தால் பணத்தை முதலில் செயினுக்குச் செலவழியுங்கள்.

இத்தனையும் சரி என்றால் ரீமேப்புக்குப் போகலாம். முதலில் தாங்காமல் போவது கிளட்ச். நான்காவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். ஆர்பிஎம் முள் துள்ளி ஏறி, வேகம் ஏறாமல் நின்றால் கிளட்ச் வழுக்குகிறது. இப்போதைய விசையையே தாங்காதது கூடுதல் விசையை எப்படித் தாங்கும்? ரீமேப் செய்பவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். உங்கள் ஈசியுவில் (எஞ்சினை இயக்கும் கணினி) இருக்கும் பழைய ஃபைலின் நகலை உங்களுக்குத் தர வேண்டும். செய்வதற்கு முன்னும் பின்னும் ஒரே டைனோவில் (எஞ்சின் விசையை அளக்கும் கருவி) ஓட்டிக் காட்ட வேண்டும். 1,800 ஆர்பிஎம்முக்குக் கீழே முறுக்குவிசையைக் கூட்டக் கூடாது; குறைந்த சுற்றில் வரும் விசைதான் கிளட்சையும் பிஸ்டன் ராடையும் அதிகம் வதைக்கிறது. 20 குதிரைத்திறன் கூட்டித் தருகிறேன் என்பவரைவிட 10 என்று சொல்பவரை நம்பலாம் என்பது எங்கள் கருத்து. சித்திரை வெயிலில் 40 டிகிரிக் காற்று 20 டிகிரிக் காற்றைவிட 6 சதவீதத்துக்கு மேல் அடர்த்தி குறைந்தது. காற்று குறைந்து டீசல் மட்டும் கூடினால் புகையும், டர்போவுக்குச் சூடும்தான் மிச்சம். குளிரூட்டிய அறையில் டைனோ காட்டும் எண் செட்டிநாட்டு வெயிலில் கிடைக்காது.

டீசல் அழுத்தத்தை அளக்கும் ரெயில் பிரஷர் சென்சாரில் மாட்டுகிற சின்னப் பெட்டிகளும் விற்கிறார்கள். ‘அழுத்தம் குறைவாக இருக்கிறது’ என்று ஈசியுவிடம் பொய் சொல்வதுதான் அதன் வேலை. அதை நம்பி ஈசியு அழுத்தத்தை ஏற்றும். டீசல் கூடும், காற்று கூடாது. ஹை பிரஷர் பம்ப்பின் ஆயுளைத் தின்கிற அந்தப் பெட்டி வேண்டவே வேண்டாம்.

தேவகோட்டை வாசகர்: எங்கள் ஐயா வாங்கிய பிரீமியர் பத்மினி ஊர் வீட்டில் நிற்கிறது. படைப்புக்கும் (முன்னோர் வழிபாடு) கல்யாணத்துக்கும் வரும்போதுதான் எடுப்போம். இப்போது மிதித்தால் திக்கித் திணறுகிறது. வெயிலில் பத்து கிலோமீட்டர் போனால் நின்றுவிடுகிறது. அரை மணி ஆறினால் கிளம்புகிறது. பெரிய கார்புரேட்டர் மாற்றச் சொல்கிறார்கள்.

மாற்றாதீர்கள். 1,089 சிசி எஞ்சினுக்குப் பெரிய வாய் வைத்தால் குறைந்த சுற்றில் காற்றின் வேகம் விழுந்து, பெட்ரோல் தூவலாகாமல் சொட்டாக இறங்கும். இருக்கிற திணறல் இன்னும் கூடும்.

திணறுவதற்கும் நிற்பதற்கும் காரணம் வேறு வேறு. பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். வெறும் பெட்ரோலில் ஒரு கிலோவை எரிக்க 14.7 கிலோ காற்று வேண்டும். இந்தக் கலவைக்குச் சுமார் 13.5 போதும். புதிய வண்டியில் ஈசியு அதைத் தானே சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அது தெரியாது; பழைய அளவிலேயே ஊற்றுகிறது, கலவை மெலிந்துபோகிறது. அதனால் பெட்ரோலை அளந்து விடும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்ற வேண்டும். ஜெட்டில் பொறித்திருக்கும் எண் துளையின் விட்டத்தை மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காகச் சொல்கிறது: 120 என்றால் 1.20 மி.மீ. துளையின் பரப்பு விட்டத்தின் இருபடியாக வளரும் என்பதால், 9 சதவீதம் கூடுதல் பெட்ரோலுக்கு விட்டம் 4 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடினால் போதும். 120 இருந்தால் 125 போடுங்கள். பழைய ஜெட்டைக் கம்பியாலோ ஊசியாலோ குடைய விடாதீர்கள். துளை கோணலாகிவிட்டால் எந்த அளவும் கணக்குக்கு வராது.

சூட்டில் நிற்பதற்கு அந்த இடத்திலேயே பார்க்கும் வழி இருக்கிறது. நின்றவுடன் ஒரு பிளக்கைக் கழற்றி, வயரோடு எஞ்சின் பாடியில் வைத்து செல்ஃப் அடியுங்கள். கார்புரேட்டர் பக்கம் பெட்ரோல் ஈரம் இல்லை என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள். பொறி வராவிட்டால் காயில் அல்லது கண்டென்சர் சூட்டில் செத்துப்போகிறது. டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் பாயின்ட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள்: ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் இருந்தால் கண்டென்சரை மாற்றுங்கள். புதுப் பாயின்ட்டை ஃபீலர் கேஜ் வைத்து 0.45 மி.மீ. இடைவெளிக்கும், பிளக்கை 0.6 மி.மீட்டருக்கும் அமையுங்கள்.

நீலப் பொறி நன்றாக வந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரத்துணியைப் பெட்ரோல் பம்ப்பின்மேல் சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். உடனே கிளம்பினால் குழாயில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப்பால் இழுக்க முடியாமல் போயிருக்கிறது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டிப் போகும் பெட்ரோல் குழாயை விலக்கிக் கட்டி, நடுவில் ஒரு தகட்டைத் தடுப்பாக வையுங்கள். பழைய ரப்பர் குழாய்களும் பம்ப் டயாஃப்ரமும் எத்தனாலில் ஊறி உப்பிவிடும். குழாயை ஃப்யூயல் இன்ஜெக்‌ஷனுக்கான ஆர்9 ரகத்துக்கு மாற்றுங்கள். வீட்டைப் பூட்டிவிட்டுச் சென்னை போகும் முன் டாங்க்கை வடித்துவிட்டு, பம்ப்புக்கு வரும் குழாயைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கி, டாங்க் துருப்பிடித்து, அடுத்த படைப்புக்கு வரும்போது ஜெட் அடைத்துக்கொள்ளும்.

பள்ளத்தூர் வாசகர்: வேகன் ஆரில் கூம்பு ஏர் ஃபில்டர் மாட்டினால் பவர் கூடுமா?

சத்தம் கூடும். எஞ்சினுக்கு மேலேயே திறந்து நிற்கும் கூம்பு, ரேடியேட்டர் சூட்டைக் குடித்த காற்றைத்தான் உள்ளே இழுக்கும். கம்பெனி பெட்டி கிரில்லுக்குப் பின்னாலிருந்து ஆறிய காற்றை எடுக்கிறது. அதைவிட முக்கியம் நம் செம்மண். ஏற்கெனவே மாட்டியவர்கள் ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஃபில்டருக்குப் பின்னால் குழாயின் உள்பக்கத்தை வெள்ளைத் துணியால் துடைத்துப் பாருங்கள். துணி சிவந்தால் அந்தத் தூசி பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் போரையும் அரைத்துக்கொண்டிருக்கிறது. காகித ஃபில்டரே போதும். வண்டிப்பாதையில் அடிக்கடி போகிறவர்கள் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றிவிடுங்கள்.

பொன்னமராவதி வாசகர்: 100 ஆக்டேன் பெட்ரோல் போட்டால் என் ஐ10 வேகமாகுமா?

ஆகாது. ஆக்டேன் என்பது நாக் (கலவை தானாக வெடித்து எஞ்சின் தட்டுவது) அடிக்காமல் தாங்கும் திறன். அதில் கூடுதல் சக்தி எதுவும் இல்லை. சாதாரண பெட்ரோலில் உங்கள் எஞ்சின் நாக் அடிக்காதபோது இதற்குக் கொடுக்கிற காசு வீண். டர்போ பெட்ரோல் வண்டியில், வெயிலில் ஏசி போட்டு முழுச் சுமையோடு ஏறும்போது, நாக் சென்சார் பொறி விழும் நேரத்தைப் பின்னுக்கு இழுத்து விசையைக் குறைக்கும். அங்கே மட்டும் கொஞ்சம் பலன் தெரியலாம்.

புதுவயல் வாசகர்: அம்பாசடர் டீசலில் வேறு கம்பெனி டர்போ எஞ்சின் இறக்கலாமா? பட்டறையில் தயார் என்கிறார்கள்.

பட்டறை தயாராக இருக்கலாம். ஆர்சி புத்தகம் தயாராக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுகிற மாற்றம் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. எஞ்சின் எண் பொருந்தாத வண்டி விபத்தில் சிக்கினால் காப்பீட்டுத் தொகைக்கு அலைய வேண்டிவரும். பிரேக்கையும் மறக்க வேண்டாம்: பழைய எஞ்சினின் வேகத்துக்கு அமைத்த டிரம் பிரேக் இரண்டு மடங்கு விசைக்கு நிற்காது. அதே ரக எஞ்சினையே சிலிண்டர் போர் செய்து, புதிய லைனர், பிஸ்டன் செட், வால்வு சீட்டிங், இன்ஜெக்டர் நாசில், பம்ப் கேலிப்ரேஷன் என்று முழுமையாகச் செய்யுங்கள். முதல் ஆயிரம் கிலோமீட்டரைச் சுமையேற்றாமலும் ஒரே வேகத்தில் ஓட்டாமலும் கடந்து, உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, ஹெட் போல்ட்டைக் கையேட்டில் உள்ள டார்க்குக்கு மறுபடி இறுக்கி, வால்வு கிளியரன்ஸையும் சரிபாருங்கள்.