கேட்டுவிட்டால் என்ன? – கடிதம்

அன்புள்ள ஐயா,

உங்கள் பரிந்துரையில் டாஃப்னி டு மோரியேயின் 'ரெபெக்கா' (1938) படித்தேன். விறுவிறுப்புக்குக் குறையில்லை. ஆனால் ஒரே எரிச்சல். முதல் மனைவி ரெபெக்காவுக்கு என்ன ஆயிற்று என்று, இரண்டாவதாக வாழ்க்கைப்பட்ட அந்தப் பெண் கணவனிடம் நேராகக் கேட்டிருந்தால் கதை நூறு பக்கத்தில் முடிந்திருக்கும். யாரும் வாய் திறக்காததை வைத்தே சஸ்பென்ஸ் வளர்ப்பது ஏமாற்று வேலை இல்லையா?

ஆர்., தஞ்சாவூர்

அன்புள்ள ஆர்.,

கேட்கலாம்தான். எந்தத் தைரியத்தில் கேட்பாள்? அப்பா அம்மா இல்லை. மான்டி கார்லோவில் ஒரு பணக்கார அம்மாளுக்குச் சம்பளத்துக்குத் துணையாக இருந்தவள். தன்னைவிட மிகவும் மூத்தவரைச் சில வாரப் பழக்கத்தில் கட்டிக்கொண்டு அவருடைய மாளிகையான மேண்டர்லிக்கு வருகிறாள். கோபித்துக்கொண்டு போய் உட்கார ஒரு தாய்வீடு கிடையாது. வீடு நிறைய வேலைக்காரர்கள், ஆனால் அந்த வீடு இன்னும் ரெபெக்காவின் வழக்கப்படிதான் நடக்கிறது.

அந்தப் பீங்கான் மன்மதன் பொம்மையை நினைத்துப் பாருங்கள். கைதவறி உடைத்துவிடுகிறாள். துண்டுகளைப் பொறுக்கி உறையில் போட்டு இழுப்பறையின் உள்ளே தள்ளி ஒளித்துவைக்கிறாள். பழி ராபர்ட் என்ற வேலைக்காரன் மேல் விழுகிறது. தன் வீட்டில் ஒரு பொம்மை உடைந்ததைச் சொல்லவே நடுங்குகிறவள், செத்துப்போனவளைப் பற்றிக் கேட்பாளா? தன் ஊகம் சரியா தப்பா என்று கேட்டுப் பார்க்க அவளுக்கு ஆளில்லை. கதையைச் சொல்பவளும் அவளே என்பதால் நமக்கும் இல்லை. இதில் ஏமாற்று எங்கே இருக்கிறது?

(நாவலைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

கணவர் மேக்சிம் டி வின்டர் வாய் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. ரெபெக்காவைச் சுட்டவரே அவர். அதை அவர் ஒப்புக்கொள்ளும்போது இவள் மனம் எங்கே போகிறது என்று கவனித்தீர்களா? கொலைகாரனோடா குடும்பம் நடத்துகிறோம் என்று பதறவில்லை. அவருக்கு ரெபெக்காவைப் பிடித்ததே இல்லை என்பதில் அப்படி ஒரு நிம்மதி! ரெபெக்காவை மறக்காத வீட்டு நிர்வாகி மிஸஸ் டான்வர்ஸைவிட அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

1940இல் ஹிட்ச்காக் படமாக எடுத்தபோது இதை விபத்தாக மாற்றிவிட்டார்கள். மனைவியைக் கொன்றவன் தண்டனை பெறாமல் தப்புவதை அன்றைய ஹாலிவுட் தணிக்கை விதி அனுமதிக்காது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் கிடைத்தது, சரி. ஆனால் அவள் தெரிந்தே உடந்தையாவது போய்விட்டது. நாவலில் அந்தக் கொலை தெரிந்த பிறகுதான் அவளுக்கு முதுகெலும்பே வருகிறது. மறுநாள் காலை, மிச்சமான ஆறிப்போன சாப்பாடு வேண்டாம், சூடாக ஏதாவது செய்யுங்கள் என்று மெனுவைத் திருப்பி அனுப்புகிறாள். விசாரிக்க வந்த டான்வர்ஸிடம், இப்போது நான்தான் மிஸஸ் டி வின்டர் என்று சொல்லியும் விடுகிறாள்.